ஒப்புரவும் அணுகலும்: 1938 தாம்பரம் மாநாட்டு விவாதத்தில் இறைவேண்டல் பற்றிய கேள்வி

ஆய்வுச் சுருக்கம்

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மறைப்பணி மாநாடு, சமயங்களுக்கிடையே தொடர்ச்சி உண்டா இல்லையா என்ற விவாதத்தின் களமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அவ்விவாதத்தின் அடியில் இருந்தது இறைவேண்டல் பற்றிய கேள்வியே என இக்கட்டுரை வாதிடுகிறது. கடவுளோடு ஒப்புரவான பின்னரே மனிதன் அவரை அணுக முடியுமா, அன்றி அணுகுதலே ஒப்புரவின் முதல் அடையாளமா என்பதே அக்கேள்வி. ‘ஒப்புரவு’ என்னும் சொல்லின் தமிழ் வரலாறும், தமிழகத் திருச்சபைகளின் சாதிச் சுவர்களின் வரலாறும் அவ்விவாதத்தில் போதிய இடம் பெறாத மூன்றாவது கேள்வி ஒன்றை முன்வைக்கின்றன என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்புரவு, அணுகல், இறைவேண்டல், தாம்பரம் மாநாடு, ஏ. ஜி. ஹாக், ஹென்றிக் கிரேமர், நடுச்சுவர்

முன்னுரை

தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என நீளும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதி இன்று குடியிருப்புகளும் கல்வி நிறுவனங்களும் நெருங்கிய நகர்ப்பகுதி. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, இப்பகுதி காடும் ஏரியும் சிற்றூர்களுமாக இருந்தது. கல்லூரி விடுதிகளுள் ஒன்று சேலையூரின் பெயரையே தாங்கியது. இடம்பெயர்ந்த மறு ஆண்டே, உலகின் பல நாடுகளிலிருந்து வந்த திருச்சபைப் பேராளர்கள் இவ்வளாகத்தில் பதினெட்டு நாள்கள் தங்கி விவாதித்தனர். கிறித்தவ இறையியல் வரலாற்றில் ‘தாம்பரம்’ என்பது ஊர்ப்பெயர் என்ற நிலையைக் கடந்து ஒரு விவாதத்தின் பெயராகவே ஆயிற்று.

அவ்விவாதத்தைச் சமய ஒப்பாய்வு நோக்கில் அணுகிய ஆய்வுகள் பல. ஆனால் மாநாட்டில் எதிரெதிர் நின்ற இருவரின் வாதங்களையும் கூர்ந்து நோக்கினால், ‘எந்தச் சமயம் உண்மையானது’ என்பதைவிட, ‘யாருடைய வேண்டுதல் கடவுளைச் சென்றடைகிறது’ என்பதே அவர்களை உண்மையில் பிரித்தது எனத் தெரியவரும். இதனை விளக்க, முதலில் ஒப்புரவு என்னும் சொல்லையும், பின்னர் அணுகல் என்னும் கருத்தின் தமிழக வரலாற்றையும், அதன்பின் 1938ஆம் ஆண்டு விவாதத்தையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. ஒப்புரவு: ஒரு சொல்லின் இரு திசைகள்

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. இல்லறவியலில் ஈகைக்கு முன்னர் வைக்கப்பெற்றுள்ள இவ்வதிகாரம், உலகத்தோடு பொருந்தி வாழ்ந்து, பெற்ற செல்வத்தைப் பிறர்க்குப் பயன்படுத்தும் கடப்பாட்டைப் பேசுகிறது. இங்கு ஒப்புரவு மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலானது, கைம்மாறு கருதாதது. பிரிந்தோர் மீண்டும் கூடுதல் என்ற பொருள் இவ்வதிகாரத்தின் மையத்தில் இல்லை.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இச்சொல் புதிய பணியை ஏற்றது. சீர்திருத்தத் திருச்சபையினர் இன்றும் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரமும், உரோமையர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரமும் கடவுள் மனிதரைத் தம்மோடு மீண்டும் உறவாக்கிக்கொண்ட செயலை ‘ஒப்புரவாக்குதல்’ என்னும் சொல்லால் குறிக்கின்றன. கடவுளே முன்வந்து செய்வது இது. மனிதன் தன் செயலால் ஈட்டுவதன்று என்பது பவுலின் வாதம். இவ்வாறு, மனிதரிடையே கிடையாக இயங்கிய சொல் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே செங்குத்தாகவும் இயங்கத் தொடங்கியது.

அதே மொழிபெயர்ப்பு இன்னொன்றையும் செய்தது. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் செல்லவேண்டும் என இயேசு கற்பிக்கிறார். கிரேக்க மூலத்தில் இங்கு வரும் வினை ‘தியல்லாஸ்ஸோ’. பவுல் ஆளும் வினை ‘கத்தலாஸ்ஸோ’. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை எனினும் வெவ்வேறு சொற்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் ஒப்புரவையே ஆள்கிறது. ஆகவே தமிழில் கேட்கும் ஒருவருக்குக் கடவுளோடு ஒப்புரவாதலும் சகோதரனோடு ஒப்புரவாதலும் ஒரே சொல்லாகவே ஒலிக்கின்றன. மூலத்தில் நுட்பமாக வேறுபட்டதைத் தமிழ் ஒன்றாக்கியது. இதனை இழப்பு எனக் கொள்வதற்கில்லை. ஒன்று இன்றி மற்றொன்று இல்லை என்னும் நற்செய்தியின் வாதத்தை அது வெளிப்படையாக்கியது.

2. இடைநிலையும் நேரடி அணுகலும்

ஒப்புரவின் பயன் அணுகல். உரோமையர் திருமுகமும் எபேசியர் திருமுகமும் ‘புரோசாகோகே’ என்னும் கிரேக்கச் சொல்லால் இதனைக் குறிக்கின்றன. அரசவையில் ஒருவரை அரசர் முன் அழைத்துச் சென்று நிறுத்துதலுக்கும் ஆளப்பட்ட சொல் அது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைச் ‘சிலாக்கியம்’ என்னும் சொல்லால் உணர்த்துகிறது. தகுதியால் உரிமையாகாது அருளால் வாய்த்த பேறு என்பது பொருள். எபிரேயர் திருமுகம் இதே கருத்தை ஆலயக் கட்டமைப்பைக் கொண்டு விளக்குகிறது. தலைமைக் குரு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நுழைந்த திருத்தூயகத்தின் திரை கிறித்துவின் இறப்பினால் எல்லார்க்கும் திறந்த வழியாயிற்று என்பது அதன் வாதம்.

இவ்வணுகல் எவர்வழி, எம்முறையில் என்பதில் தமிழகத் திருச்சபைகள் வெவ்வேறு மரபுகளைக் கொண்டன. அச்சேறிய தமிழ் நூல்களின் தொடக்கமே இதற்குச் சான்று. அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இரண்டாண்டுகளுக்குப்பின், 1580இல், பாவ அறிக்கை செய்யும் முறையைக் கற்பிக்கும் ‘கொம்பெசியோனாயரு’ கொச்சியில் அச்சிடப்பட்டது. முத்துக்குளித்துறையின் புதிய கிறித்தவர்களுக்கு, மனச்சான்றை ஆராய்ந்து குருவிடம் வெளிப்படுத்தி மன்னிப்புப் பெறும் வழியைக் காட்டுவது உடனடித் தேவையாகக் கருதப்பட்டது என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது. கத்தோலிக்க மரபில் ‘பாவசங்கீர்த்தனம்’ என வழங்கிவந்த இவ்வருட்சாதனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ எனப் பெயர்பெற்றது. பாவத்தை எடுத்துரைக்கும் மனிதச் செயலிலிருந்து, உறவை மீட்கும் இறைச்செயலுக்கு அழுத்தம் மாறியதை இப்பெயர்மாற்றம் காட்டுகிறது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அவர் வழிவந்த உலூத்தரன் மறைப்பணியாளரும் வேறு அழுத்தத்தைக் கொண்டுவந்தனர். நம்பிக்கை கொண்ட ஒவ்வொருவரும் கிறித்து ஒருவரையே இடைநிலையாளராகக் கொண்டு கடவுளை நேரடியாக அணுகலாம் என்பது சீர்திருத்த இயக்கத்தின் அடிப்படை. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தமையும், பள்ளிகள் நிறுவியமையும் இதன் விளைவுகளே. தன் மொழியில் படித்துத் தன் மொழியில் வேண்டுபவனுக்கே நேரடி அணுகல் நடைமுறையில் பொருள்படும்.

எனினும் இருமரபையும் எதிரெதிர் நிறுத்துதல் பொருந்தாது. குருவின் வழியே மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கரும் மன்னிப்பவர் கடவுளே என்றனர். நேரடியாக வேண்டும் சீர்திருத்தத் திருச்சபையினரும் சபையின் கூட்டு வழிபாட்டில் பாவ அறிக்கையைக் கைவிடவில்லை. இரு மரபினரும் பொதுவாகச் சந்தித்த சிக்கல் வேறிடத்தில் இருந்தது.

3. நடுச்சுவர்

எபேசியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் ஒப்புரவு, அணுகல், சுவர் ஆகிய மூன்றையும் ஒரே வாதத்தில் இணைக்கிறது. யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த நடுச்சுவரைக் கிறித்து தகர்த்தார். இரு திறத்தாரையும் ஒரே உடலாகக் கடவுளோடு ஒப்புரவாக்கினார். அதனால் இருவரும் ஒரே ஆவியில் தந்தையை அணுகும் பேறு பெற்றனர் என்பது அதன் நிரல். அணுகல் இங்குத் தனிமனிதப் பேறாக மட்டும் பேசப்படவில்லை. சுவர் வீழ்ந்தபின் இரு திறத்தாரும் ஒன்றாக நின்று பெறும் பேறு அது.

தமிழகத் திருச்சபைகளில் இச்சுவர் உருவகமாக மட்டும் இருக்கவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதிவேறுபாடு முற்றிலும் ஒழியவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். வழிபாட்டில் தனித்தனியே அமர்தலும் நற்கருணையைத் தனித்தனியே பெறுதலும் அவர் கண்டித்த வழக்கங்களுள் அடங்கும். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபையாரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. இருக்கை முறை நாட்டு வழக்கம். நம்பிக்கையோடு தொடர்பற்றது என்பது எதிர்த்தோர் வாதம். கடவுளை அணுகும் பேறு எல்லார்க்கும் பொது எனப் பாடிய சபையே அணுகும் இடத்தைப் பிரித்துவைத்திருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதன் மிகத் தெளிவான சான்று தென்மாவட்டத்து வடக்கன்குளம். 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அவ்வூர்த் தேவாலயம் பலிபீடத்தில் சந்திக்கும் இரு கைகளாக அமைந்தது. இரு சாதிப் பிரிவினர் ஒருவரையொருவர் காணாதபடி அவற்றிடையே சுவர் நின்றது. இரு திறத்தாரும் ஒரே பீடத்தை நோக்கி வேண்டினர். ஆனால் தனித்தனியே வேண்டினர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனை மீண்டும் எழுப்பக் கோரிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று தோல்வியுற்றது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் கட்டளையை இக்கட்டடம் நேர்மாறாக்கியது எனலாம். சகோதரனிடம் செல்லாமலேயே பீடத்தை அடையும் வழியைக் கல்லால் கட்டித்தந்தது அது.

4. தாம்பரத்துக்கு முன்: கருமமும் மன்னிப்பும்

ஒப்புரவு குறித்த அறிவுலக விவாதம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1938க்கு மிக முன்னரே தொடங்கியது. மெய்யியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், கல்லூரி இதழில் எழுதிய கட்டுரைகளை 1909இல் ‘கருமமும் மீட்பும்’ என்னும் பொருள்பட்ட ஆங்கில நூலாக்கினார். வினைக்கோட்பாட்டை எளிதில் ஒதுக்கிவிடும் மறைப்பணியாளர் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. வினைக்கேற்ற பயன் தவறாது வரும் என்பது நீதியுணர்வுள்ள ஆழ்ந்த கோட்பாடு என ஏற்றுக்கொண்டு, நீதி வழங்குதல் என்ற அளவில் கடவுளுக்கும் மனிதனுக்குமான உறவு முடிந்துவிடுமா என வினவினார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் முறிந்த உறவைத் தண்டனைக் கணக்கு மட்டும் சரிசெய்யாது. மன்னிப்பவர் தாமே துன்பத்தை ஏற்று உறவை மீட்கவேண்டும் என்பது அவர் சிந்தனையின் போக்கு. ஒப்புரவு என்பதன் உட்பொருளை இந்திய மெய்யியலோடு உரையாடியே ஹாக் தெளிவுபடுத்திக்கொண்டார். அவருடைய மாணவருள் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் ஒருவர்.

இதே காலத்தில் சென்னையின் இந்தியக் கிறித்தவச் சிந்தனையாளர் தம் வழியில் சென்றனர். வெ. சக்கரை கிறித்துவை அவதாரக் கருத்தின் வழி விளக்கி 1920களில் நூல் எழுதினார். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறித்தவத்தைப் பக்திமார்க்கமாகக் கண்டார். இறைவனோடு ஒன்றுதல் என்பது இருப்பில் கரைதலன்று. அன்பில் நிலைத்திருத்தல் என்ற அவர் கருத்துக்கு யோவான் நற்செய்தியும் தமிழ்ப் பக்தி இலக்கியமும் இரு ஊற்றுகள். புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கிய பா. செஞ்சையா, திருச்சபை அமைப்பும் மேலைக் கோட்பாடுகளும் இடையில் நிற்காமல் கிறித்துவை நேரடியாகச் சந்திப்பதை வலியுறுத்தினார். சக்கரை, செஞ்சையா உள்ளிட்டோர் எழுதிய கூட்டுநூல், இந்தியாவில் கிறித்தவத்தை மீள்சிந்திக்க அழைப்பு விடுத்து, மாநாட்டுக்குச் சற்று முன்னர் 1938இல் சென்னையில் வெளிவந்தது. நேரடி அணுகல் என்னும் சீர்திருத்தக் கோட்பாட்டை, அதனைக் கொண்டுவந்த மறைப்பணி அமைப்புகளை நோக்கியே திருப்பியது செஞ்சையாவின் வாதம்.

5. மாநாடும் மையக் கேள்வியும்

பன்னாட்டு மறைப்பணி மன்றத்தின் இம்மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் கூடுவதாக இருந்தது. 1937இல் மூண்ட சீன-ஜப்பானியப் போரால் இடம் மாறியது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஜான் ஆர். மாட் தலைமையில் தாம்பரத்தில் நடைபெற்றது. 1910 எடின்பரோ மாநாட்டுக்கு மாறாக, இங்கு ஆசிய, ஆப்பிரிக்க இளந்திருச்சபைகளின் பேராளர் மிகுந்த எண்ணிக்கையில் அமர்ந்தனர். போரிட்டுக்கொண்டிருந்த சீனா, ஜப்பான் ஆகிய இருநாட்டுக் கிறித்தவரும் ஒரே வளாகத்தில் வழிபட்டனர்.

மாநாட்டுக்கென்றே ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்றிக் கிரேமர் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். கிறித்துவில் கடவுள் தம்மை வெளிப்படுத்திய செயல் எல்லாச் சமயங்களுக்கும், வரலாற்றில் நாம் காணும் கிறித்தவச் சமயம் உட்பட, தீர்ப்பாக நிற்கிறது என்பது அவர் நிலைப்பாடு. சமயம் என்பது மனிதன் கடவுளை நாடும் முயற்சி. ஒப்புரவோ கடவுள் மனிதனை நாடிய செயல். முன்னதிலிருந்து பின்னதற்குப் படிப்படியாக ஏறிச்செல்லும் பாதை இல்லை. பக்திமார்க்கத்தின் அருட்கோட்பாட்டை அவர் அறிந்திருந்தும், அதனை நற்செய்தியின் முன்னிலையாகக் கொள்ள இசையவில்லை.

ஹாக் இதனை மறுத்தார். சமயங்கள் என்னும் கோட்பாட்டுத் தொகுதிகளிலிருந்து, தனிமனிதர் உள்ளத்தில் உயிர்ப்புடன் இருக்கும் நம்பிக்கையை அவர் வேறுபடுத்தினார். கிறித்துவை அறியாத ஒருவரிடத்தும் கடவுளோடு ஒன்றிய மறைவான வாழ்வு இருக்கக்கூடும். அதனைக் கண்ட மறைப்பணியாளன் பணிந்து நிற்கவேண்டும் என்றார். வெளிப்பாடு நிகழ்தல் வேறு. அதன் உள்ளடக்கத்தை மனிதன் சரியாகப் புரிந்துகொள்ளுதல் வேறு. புரிதலில் பிழை இருப்பதனாலேயே நிகழ்வு இல்லை என்றாகாது.

இவ்விரு நிலைகளையும் இறைவேண்டல் என்னும் ஒரே நிகழ்வில் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஒருவர் கடவுளை நோக்கி உள்ளம் உருகி வேண்டுகிறார். கிரேமரின் தருக்கப்படி, அவ்வேண்டுதலின் உருக்கம் ஒப்புரவுக்குச் சான்றாகாது. கடவுளின் செயலே வழியைத் திறக்கிறது. ஹாக்கின் தருக்கப்படி, கடவுள் முன்னரே அவரைத் தொட்டிராவிடில் அவ்வேண்டுதலே எழுந்திராது. வேண்டுதல் நிகழ்ந்தது என்பதே அருள் அங்கு இயங்கியதற்கு அடையாளம். ஒப்புரவு கடவுளின் முன்செயல் என்பதில் இருவரும் உடன்பட்டவர்களே. அம்முன்செயல் எங்கு நிகழ்ந்துள்ளது என அறிந்துகொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்பதில்தான் பிரிந்தனர். கிரேமர் அளவுகோலைச் சிலுவை நிகழ்வில் வைத்தார். ஹாக் அவ்வளவுகோலை மறுக்காமலேயே, பிறர் உள்ளத்தின் அணுகலை வெளியிலிருந்து மறுக்கும் துணிவைக் கேள்விக்குட்படுத்தினார்.

6. மதிப்பீடு

இருவர் வாதமும் தனித்த ஆன்மா கடவுள்முன் நிற்கும் நிலையையே பெரிதும் மனத்தில் கொண்டது. தமிழகத் திருச்சபை வரலாறு எழுப்பும் கேள்வி வேறு: அணுகும் பேறு பெற்றோர் தமக்கிடையே சுவரை வைத்துக்கொண்டு அப்பேற்றை நுகர இயலுமா? எபேசியர் திருமுகத்தின் நிரல்படி இயலாது. கிரேமரின் கண்டிப்பு இங்கு முதலில் சபையையே நோக்கித் திரும்பவேண்டும். சமயமாக அமைந்த கிறித்தவமும் தீர்ப்புக்குட்பட்டது என்ற அவர் கூற்றுக்கு வடக்கன்குளத்துச் சுவரைவிடத் தெளிவான சான்று அரிது. ஹாக்கின் பணிவும் இங்குப் பொருந்தும். பிற சமயத்தார் வேண்டுதலுக்கு முன் பணிந்து நிற்கக் கற்றவர், தம் சபையிலேயே ஒதுக்கப்பட்டவரின் வேண்டுதலுக்கு முன்னும் பணிந்து நிற்கவேண்டும்.

மாநாட்டில் இக்கேள்வி முற்றிலும் இல்லாமற்போகவில்லை. திருநெல்வேலிப் பகுதி வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் ஆயரான வே. ச. அசரியா அங்கு முதன்மையான குரல்களுள் ஒருவர். 1910இல் எடின்பரோவில், மேலைநாட்டு மறைப்பணியாளரிடம் கொடையினும் மேலாக நட்பைக் கேட்டவர் அவர். இளந்திருச்சபைகளின் பேராளர் தாம்பரத்தில் திருச்சபைகளின் கண்கூடான ஒன்றிப்பை வற்புறுத்தினர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானதில் அவ்வேட்கைக்குப் பங்குண்டு. கடவுளோடு ஒப்புரவு என்னும் பொருளை விவாதிக்கக் கூடியவர்கள், ஒரே பந்தியில் நற்கருணை கொள்ள இயலாத தம் பிரிவினையையும் எதிர்கொள்ள நேர்ந்தது.

முடிவுரை

1988இல், ஐம்பதாண்டு நிறைவையொட்டி, தாம்பரம் விவாதத்தை மீளாய்வு செய்ய அதே வளாகத்தில் அறிஞர்கள் கூடினர். அந்நினைவுகூரலும் பெரிதும் சமயங்களுக்கிடையிலான உரையாடல் என்னும் கோணத்திலேயே அமைந்தது. இக்கட்டுரை கண்ட முடிவுகள் மூன்று. ஒன்று, 1938 விவாதத்தின் கரு இறைவேண்டலின் அணுகலே. சமயங்களின் தொடர்ச்சி பற்றிய கேள்வி அதிலிருந்து கிளைத்தது. இரண்டு, அவ்விவாதம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. 1909 முதல் சென்னையில் நிகழ்ந்த சிந்தனை அதற்குக் களம் அமைத்தது. மூன்று, தமிழ் விவிலியம் தேர்ந்த ஒப்புரவு என்னும் சொல், கடவுளோடு கொள்ளும் உறவையும் மனிதரோடு கொள்ளும் உறவையும் பிரிக்கவொட்டாமல் பிணைக்கிறது.

இம்மூன்றாவது முடிவு மேலும் ஆராயத்தக்கது. தரங்கம்பாடிப் பதிப்பு முதல் இன்றைய பொதுமொழிபெயர்ப்புவரை, ஒப்புரவு, சமாதானம், உறவு ஆகிய சொற்கள் எவ்வெவ்விடங்களில் ஆளப்பட்டன என்பதை இருக்கை முறை, நற்கருணைப் பந்தி, கல்லறை ஆகியவை குறித்த சபை ஆவணங்களோடு வைத்து நோக்கினால், ஒரு சொல் சுவரை இடிக்கத் துணைநின்ற இடங்களும், சுவர் அச்சொல்லின் பொருளைச் சுருக்கிய இடங்களும் தெரியவரும். தாம்பரம் விவாதத்தைத் தமிழ் ஆய்வுலகம் தனக்குரியதாக ஏற்று மேற்கொண்டு செல்ல இது ஒரு வழியாகும்.